கால் இருக்கிறது, கூடு சரியா? – வாசகர் கேள்வி பதில்

மிதிவெடியில் காலை இழந்தவர்கள் அன்றாடப் பாட்டை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் இந்த முறை நம் வட சென்னை வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பாதி. வட சென்னைக்கும் மிதிவெடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். புழல் காவாங்கரையிலும், மேலே போனால் கும்மிடிப்பூண்டியிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. துணை ராணுவத்தில் இருந்து காயத்தோடு வீடு திரும்பியவர்களும் இந்தப் பக்கம் இருக்கிறார்கள். வெட்டிய பின் மீதி இருக்கும் காலை ஆஸ்பத்திரியில் ‘ஸ்டம்ப்’ என்பார்கள். இங்கேயும் அப்படியே சொல்கிறோம்.

கேள்வி: இவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழ இல்லை. இப்ப போட்டிருக்கிற பொய்க்கால் எடுத்து நாலு வருசம். ஆறு மாசமா நடக்கேக்க உள்ளுக்குள்ள ‘பொளக் பொளக்’ எண்டு சத்தம். எலும்பு நுனியில புண் வந்து ஆறுது, திரும்ப வருது. நாலு சாக்ஸ் போட்டும் இறுக்கம் இல்லை. பாதம் தேய்ஞ்சு போச்சு, புதுப் பாதம் மாத்தினா சரியாகும் எண்டு சொல்லினம். உண்மையோ? – ஒரு வாசகி, காவாங்கரை

பதில்: இல்லை. பாதம் கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் அதையே குறை சொல்கிறார்கள். உங்கள் கணவருக்குக் கெட்டுப் போயிருப்பது ஸ்டம்ப் உட்காரும் கூடு, அதாவது சாக்கெட். கூடு கெட்டுப்போகவில்லை, ஸ்டம்ப்தான் சிறுத்துவிட்டது என்று சொன்னால் இன்னும் சரி.

முழங்காலுக்குக் கீழே போடும் கூட்டில் உடம்பின் பாரம் அடிநுனியில் விழக் கூடாது. முழங்கால் சில்லுக்குக் கீழே விரலால் அழுத்தினால் மெத்தென்று ஒரு தசைநார்ப் பட்டை தெரியும். பாரத்தில் பெரும்பங்கை அது தாங்க வேண்டும், மீதியை இரு பக்கச் சதையும். கணைக்கால் எலும்பின் கூர்முனை, வெளிப்பக்கம் துருத்தும் சின்ன எலும்பின் தலை, அடிநுனி மூன்றுக்கும் கூட்டுக்குள் இடைவெளி விட்டிருப்பார்கள். சதை வற்றியதும் ஸ்டம்ப் கூட்டுக்குள் கீழே இறங்கிவிடும். அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தம் போய், அழுத்தக் கூடாத எலும்பு நுனி அடியில் இடிக்கும். சத்தம், கூட்டுக்குள் காற்று போய் வருவது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம், ஆனால் புண் ஆறிய பிறகு. கோலி அளவுக்குப் பிசைந்த மைதா உருண்டையை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கூட்டின் அடியில் வையுங்கள். வழக்கமான சாக்ஸோடு காலை மாட்டி, சுவரைப் பிடித்தபடி பாரம் போட்டு நின்று, கழற்றிப் பாருங்கள். உருண்டை அப்பளமாகியிருந்தால் நுனி இடிக்கிறது. லேசாக மட்டும் அமுங்கியிருந்தால் சரி. தொடவே இல்லை என்றால் அதுவும் நல்லதல்ல. அடியில் வெற்றிடம் இருந்தால் நுனித் தோல் நீர் கோத்து, கருத்து, நாளடைவில் மரு போலத் தடிக்கும்.

சாக்ஸ் சேர்ப்பது ஓரளவுக்குத்தான் உதவும். எண்ண வேண்டியது சாக்ஸை அல்ல, இழையை. மூன்று இழை சாக்ஸ் உண்டு, ஐந்து இழை சாக்ஸ் உண்டு. எல்லாம் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு இழையைத் தாண்டினால் புதுக் கூடு எடுக்கும் நேரம் வந்துவிட்டது. அதற்கு மேலும் திணித்தால் நுனிக்கு நிம்மதி கிடைக்கும், பக்கத்து எலும்பில் புண் வரும்.

செய்யக் கூடாதவை இரண்டு. புண்ணைச் சுற்றிப் பஞ்சை வளையமாக வைக்காதீர்கள், வளையத்தின் விளிம்பே அடுத்த புண். அதைவிட மோசம், பிளாஸ்டிக் கூட்டை கேஸ் அடுப்பில் காட்டி ‘கொஞ்சம் விரித்துக்’ கொள்வது. நெருப்பு பட்ட இடம் மெலிந்துவிடும். கூடு வெடிப்பது பெரும்பாலும் படியில் இறங்கும்போதுதான், மொத்தப் பாரமும் அந்தக் காலில் இருக்கும் நேரத்தில்.

புண் மூடும்வரை கால் மாட்ட வேண்டாம், அக்குள் கட்டைகளோடு நடக்கட்டும். ஆனால் அந்த நாட்களில் ஸ்டம்ப்பைக் கிரேப் பேண்டேஜில் கட்டியே வைத்திருங்கள். சும்மா விட்டால் வீங்கும், வீங்கிய ஸ்டம்ப்பில் அச்சு எடுத்தால் புதுக் கூடும் ஒரே மாதத்தில் தொளதொளக்கும். அச்சு எடுக்கப் போகும் அன்றும் கட்டோடு போங்கள். கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் கேளுங்கள்: “பாதத்தை அப்படியே வைத்துக்கொண்டு கூடு மட்டும் மாற்ற முடியுமா?” பல நேரம் முடியும். பெரியவர்களுக்கு ஒரு கால் மூன்றிலிருந்து ஐந்து வருடம் உழைக்கும். நாலு வருடம் என்பது குறைந்த உழைப்பு அல்ல. திரும்பத் திரும்பப் புண் வருவதால் ஒருமுறை சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.

புதுக் கூடு வந்ததும் முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் நடந்துவிட்டுக் கழற்றிப் பார்க்கட்டும். சிவப்பு பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறைந்தால் பயமில்லை. மறையாத சிவப்பு நாளைய புண். அந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, அப்படியே போய்க் காட்டுங்கள். “எங்கேயோ வலிக்குது” என்று சொல்வதைவிட வேலை சீக்கிரம் நடக்கும்.

கேள்வி: என் மகன் துணை ராணுவத்தில் இருந்தான். சத்தீஸ்கரில் ரோந்து போனபோது அழுத்தினால் வெடிக்கும் குண்டில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. தையல் பிரித்தாகிவிட்டது, இப்போது வீட்டில் இருக்கிறான். பாதம் இருந்த இடத்தில் இரவெல்லாம் எரிகிறது என்கிறான். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் இதமாக இருக்கிறதாம். செயற்கைக் கால் எப்போது? – ஒரு தாய், மணலி புதுநகர்

பதில்: அம்மா, தலையணையை முதலில் எடுத்துவிடுங்கள். இதம்தான், ஆனால் முழங்கால் மடிந்த நிலையிலேயே இறுகிப் போகும். நீட்ட முடியாத முழங்காலுக்கு எவ்வளவு விலை உயர்ந்த கால் கொடுத்தாலும் நேராக நிற்காது. உட்காரும்போது ஸ்டம்ப்பைத் தொங்கவிடாமல் ஒரு பலகை மேல் நீட்டி வைக்கட்டும். தினம் இரண்டு வேளை, இருபது நிமிடம் குப்புறப் படுக்கட்டும். சலிப்பான வேலை, டி.வி.யைத் தலைமாட்டுப் பக்கம் திருப்பி வையுங்கள்.

அடுத்தது கட்டு. நாலு அங்குல (10 செ.மீ.) கிரேப் பேண்டேஜ் இரண்டு வாங்குங்கள், ஒன்று துவைத்துக் காயும்போது மற்றது காலில். எட்டு எண் போல, சாய்வாக, குறுக்கும் நெடுக்குமாகச் சுற்ற வேண்டும். நுனியில் இறுக்கம் அதிகம், மேலே போகப் போகத் தளர்வு, முழங்காலைத் தாண்டித் தொடையில் ஒரு சுற்று. கை வளையல் மாதிரி நேராகச் சுற்றினால் அது சுருக்குக் கயிறு, கீழ்ப்பக்கம் பலூன் போல உப்பிவிடும். கட்டிய பின் வலியோ மரத்துப்போவதோ இருந்தால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள். எப்படியும் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை தளர்ந்துவிடும். ஸ்டம்ப் பானை மாதிரி இல்லாமல் நுனி குறுகிய கூம்பாக வர வேண்டும், அப்போதுதான் கூட்டுக்குள் உட்காரும்.

காயம் நன்றாக ஆறியிருந்தால் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முதல் கால் போடத் தொடங்குவது வழக்கம். வெடியில் போன காலுக்கு இதைவிடத் தள்ளிப் போகலாம். வெடிப்பு மண்ணையும் துணியையும் கல்லையும் சதை அடுக்குகளுக்கு நடுவே மேல்நோக்கி அடித்துவிடும். மேல்தோல் மூடிய பிறகும் உள்ளே ஒரு துணுக்கு சீழ் கட்டலாம். தையல் ஓரத்தில் ஈரக் கசிவு, சூடு, புதுவலி எது தெரிந்தாலும் அன்றே காட்டுங்கள். வெடியில் போன ஸ்டம்ப்பில் சதைக்குள் புதிதாக எலும்பு முளைப்பதும் உண்டு. கையில் தட்டுப்படும், எக்ஸ்ரேயில் தெரியும். கூடு எடுக்கும் முன் தெரிந்துகொள்வது நல்லது. படைப் பிரிவின் மருத்துவப் பிரிவோடு தொடர்பை விடாதீர்கள். காகிதங்கள் ஒன்றைக்கூடத் தொலைக்காதீர்கள்.

எரிச்சல் கற்பனை அல்ல. பாதம் போனாலும் மூளையில் பாதத்துக்கான இடம் அப்படியேதான் இருக்கிறது. கண்ணாடிப் பயிற்சி பலருக்குக் கைகொடுக்கிறது. 1990களில் கையிழந்தவர்களிடம் இதை முயன்று பார்த்து உலகத்துக்குச் சொன்ன வி.எஸ். ராமச்சந்திரன், நம் பழைய ஜெயில் ரோடு ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். நாலடி உயரம், ஒன்றரையடி அகலம் உள்ள கண்ணாடி போதும். ஓரத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, இரண்டு காலுக்கும் நடுவே நீளவாக்கில் நிறுத்தி, முகம் பார்க்கும் பக்கம் நல்ல காலை நோக்கி இருக்கட்டும். ஸ்டம்ப் பின்னால் மறைந்துவிடும், கண்ணாடிக்குள் வலது காலும் முழுசாகத் தெரியும். காலில் கட்டியிருக்கும் கறுப்புக் கயிற்றைக் கழற்றிவிட வேண்டும். ‘இல்லாத’ காலிலும் அதே கயிறு தெரிந்தால் மூளை நம்பாது. பாதத்தை மெதுவாக மேலே, கீழே. விரல்களை மடக்கி, விரித்து. தினம் 15 நிமிடம், நாலு வாரம். முதல் நாட்களில் தலைசுற்றலோ வலி கூடுவதோ இருந்தால் ஐந்து நிமிடத்தில் நிறுத்தட்டும். ஸ்டம்ப்பில் ஒரே ஒரு புள்ளியைத் தட்டினால் மட்டும் ஷாக் அடித்த மாதிரி இழுக்கிறது என்றால் அது வேறு சங்கதி. வெட்டுப்பட்ட நரம்பு முடிச்சிட்டிருக்கலாம், அதற்குக் கண்ணாடி உதவாது, டாக்டர்தான். நரம்பு வலிக்கு மாத்திரை கொடுத்திருந்தால் தேவலை என்று தோன்றிய நாளில் தானாக நிறுத்த வேண்டாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

கேள்வி: காசிமேட்டில் ஏலம் நடக்கிற இடத்தில் வேலை. ஜெய்ப்பூர் கால் போட்டிருக்கிறேன். உப்புத் தண்ணீர், ஐஸ் தண்ணீர் எல்லாம் படுகிறது. கெட்டுப் போகுமா? ஷூ போடலாமா? – ஒரு வாசகர், காசிமேடு

பதில்: வெறுங்காலோடு வயலிலும் சேற்றிலும் நடக்கிறவர்களுக்காக 1968 வாக்கில் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய பாதம் அது. வெளியே ரப்பர், தண்ணீருக்குப் பயப்படாது. பயப்பட வேண்டியது வெடிப்புக்குத்தான். விரல் மடியும் இடத்திலும் குதிகால் ஓரத்திலும் வாரம் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். கீறல் விழுந்தால் தண்ணீர் உள்ளே இருக்கும் கட்டைக்கும் ஸ்பாஞ்சுக்கும் போய், பாதம் கனத்து நாறும். போல்ட், ரிவெட் எல்லாம் உப்பில் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, நிழலில் காய வையுங்கள்.

ஏலக் கூடத்தில் செதிலும் ஐஸ் தண்ணீரும் சேர்ந்த சிமெண்ட் தரை வழுவழுப்பான ரப்பருக்கு எதிரி. பின்பட்டை உள்ள, அடியில் பள்ளம் வெட்டிய செருப்பு போடுங்கள், ஆனால் குதி உயரத்தைக் கவனியுங்கள். உங்கள் கால் வெறும் பாதத்துக்கு அளவெடுத்தது என்றால் அரை அங்குலக் குதி உயர்ந்தாலே முழங்கால் முன்னால் தள்ளிக்கொண்டு மடியப் பார்க்கும். குதி, முன்பாதம் இரண்டும் ஒரே தடிமனில் இருக்கும் தட்டையான செருப்புதான் சரி. ஷூ வேண்டுமென்றால் அந்த ஷூவையே கொண்டுபோய், அதற்கேற்ப அளவை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

ஈரச் சாக்ஸோடு மதியம்வரை நிற்காதீர்கள். பையில் மூன்று காய்ந்த சாக்ஸ். தலைச்சுமை வேண்டாம், தள்ளுவண்டிக்கு மாறுங்கள். தலையில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள அந்தத் தசைநார்ப் பட்டையில்தான் இறங்குகிறது.

கேள்வி: ஹவுசிங் போர்டில் மூணாவது மாடி, லிப்ட் இல்லை. இந்தியன் டாய்லெட். அப்பா இரண்டு தடவை விழுந்துவிட்டார், இரண்டும் ராத்திரி. – ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: ராத்திரி விழுவதற்கு மாடியும் டாய்லெட்டும் காரணமாக இருக்காது. தூக்கக் கலக்கத்தில் கால் இருக்கிற நினைப்பிலேயே எழுந்து, இல்லாத காலை ஊன்றிவிடுகிறார்கள். வருடங்கள் ஆனவர்களுக்கும் இது நடக்கிறது. கட்டிலில் உட்கார்ந்ததும் இரண்டு கையாலும் ஸ்டம்ப்பைத் தொட்டுவிட்டுத்தான் எழுவது என்று பழக்கிக்கொள்ளட்டும். கட்டைகள் கை எட்டும் தூரத்தில், சாய்ந்து விழாதபடி ஒரு கொக்கியில். வழியில் இரவு விளக்கு. நொண்டியபடி ஒற்றைக் காலில் தாவிப் போவதை அடியோடு நிறுத்தச் சொல்லுங்கள். ராத்திரிக்குச் சிறுநீர்க் குவளை வைத்துக்கொள்வதில் வெட்கம் என்ன?

டாய்லெட்டில் பிடிமானத்துக்கு ஒன்றேகால் அங்குல ஜி.ஐ. குழாய், கைக்கு நிறைவாக இருக்கும். சுவருக்கும் குழாய்க்கும் நடுவே இரண்டு அங்குல இடைவெளி. அதைவிடக் கூடினால் வழுக்கும்போது முழங்கை உள்ளே சிக்கிக்கொள்ளும். செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட் அடிக்க வேண்டும், டைல்ஸில் ஸ்க்ரூ போட்டு ரப்பர் பிளக் வைத்தால் ஒருநாள் கையோடு வரும். மாட்டியதும் நீங்கள் முழு எடையோடு தொங்கிப் பாருங்கள். மேலே வைக்கும் ஓட்டை ஸ்டூல் இரும்பில், நாலு காலிலும் ரப்பர் குப்பியோடு இருக்கட்டும். பிளாஸ்டிக் நாற்காலியை வெட்டிச் செய்ததை வாங்காதீர்கள், ஈரத் தரையில் கால் விரிந்துவிடும்.

படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது செயற்கைக் கால் முதலில். இறங்கும்போது செயற்கைப் பாதத்தின் முன்பாதி படி விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். கணுக்கால் மடியாததால் அப்போதுதான் உடம்பு முன்னால் உருளும். கட்டையோடு இறங்கினால் இரண்டையும் ஒரு கையில் சேர்த்து, மறுகை கைப்பிடியில். கட்டையின் உயரம்: அக்குளுக்கும் கட்டைக்கும் நடுவே மூன்று விரல் நுழைய வேண்டும். அக்குளில் பாரம் போட்டுத் தொங்கியபடி நடந்தால் நரம்பு அழுந்தி மணிக்கட்டு விழுந்துவிடும்.

கேள்வி: முதுகு வலிக்கு எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். உடம்பில் வெடித்துணுக்குகள் இருக்கின்றன. எடுக்கலாமா? – ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: சொல்லாமல் எடுக்கவே கூடாது. இரும்புத் துணுக்கைக் காந்தம் இழுக்கும், கண்ணுக்குள் இருந்தால் பார்வையே போகலாம். சந்தேகம் இருந்தால் கண்ணுக்கும் துணுக்கு இருக்கும் மற்ற இடங்களுக்கும் முதலில் எக்ஸ்ரே எடுத்து ரேடியாலஜி டாக்டரிடம் காட்டுங்கள், அதற்குப் பிறகு அவர் முடிவு. பல நேரம் சி.டி.யே போதும் என்பார்கள். முதுகு வலிக்கு இன்னொரு காரணத்தையும் பாருங்கள். செயற்கைக் கால் குட்டையாக இருந்தால் இடுப்பு சாயும். கண்ணாடி முன் நின்று இரண்டு இடுப்பெலும்பிலும் கை வைத்துப் பாருங்கள். சாய்ந்திருந்தால் குட்டைக் காலுக்கு அடியில் மெல்லிய நோட்டுப் புத்தகங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, சமமாகும்போது தடிமனை அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

கேள்வி: இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஆட்டோ ஓட்டலாமா? – ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: ஆட்டோவில் கிளட்சும் கியரும் இடது கையில், கால் பிரேக் வலது காலில். எனவே வண்டியை மாற்றாமலே உங்களால் இயக்க முடியும். வலது கால் போனவருக்குத்தான் பிரேக்கை மாற்ற வேண்டும், அந்த மாற்றத்தை ஆர்.சி.யிலும் பதிவு செய்ய வேண்டும். உரிமம் கொடுப்பது ஆர்.டி.ஓ. முடிவு. டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ வேண்டும். ஓட்டிக் காட்டச் சொல்வார்கள், காலைப் போட்டுக்கொண்டே போங்கள். பைக் என்றால் இடது காலில் கியர் இடிக்கும், கியர் இல்லாத ஸ்கூட்டர்தான் சரி. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனம் என்று சான்று இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையை (யு.டி.ஐ.டி.) முதலில் வாங்குங்கள், பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டருக்கு விண்ணப்பிக்கவும் அதைத்தான் கேட்பார்கள்.

கேள்வி: தெருவில் சாவு ஊர்வலம் போனால் வெடி போடுகிறார்கள். என் கணவர் வியர்த்துக் கொட்டிக் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறார். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். – ஒரு வாசகி, ராயபுரம்

பதில்: பிள்ளைகளிடம் ஒருமுறை நேராகச் சொல்லிவிடுங்கள்: “அப்பாவுக்குக் காது கேட்கிறதுக்கு முன்னாடி உடம்பு கேட்டுடுது.” அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தெருவில் சாவு விழுந்தால் ஊர்வலம் எத்தனை மணிக்கு, எந்த வழியாக என்று முன்கூட்டியே கேட்டு அவரிடம் சொல்லுங்கள். எதிர்பார்த்த வெடிக்கும் எதிர்பாராத வெடிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அந்த நேரத்தில் பின்னாலிருந்து தொடாதீர்கள். எதிரே வந்து, பெயர் சொல்லி, இது எந்தத் தெரு, இன்று என்ன கிழமை என்று பேச்சுக் கொடுங்கள். தூக்கம் கெடுவது ஒரு மாதத்துக்கு மேல் நீண்டாலோ, குடி சேர்ந்துகொண்டாலோ மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். காதையும் சோதியுங்கள், வெடியில் கிழிந்த செவிப்பறை ஆறாமலே இருக்கலாம்.

கேள்வி: குடும்பமா கிளிநொச்சிக்குத் திரும்பிப் போறம். எங்கட காணி பத்து வருசத்துக்கு மேல காடாக் கிடக்கு. எனக்கு ஏற்கனவே ஒரு கால் இல்லை. என்ன கவனிக்க வேணும்? – ஒரு வாசகர், காவாங்கரை

பதில்: காணிக்குள் கால் வைக்கும் முன் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கேளுங்கள்: இந்தக் காணி மிதிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்டதா, எந்த எல்லைவரை? பக்கத்துக் காணிக்காரர் நடக்கிறார் என்பது சான்று இல்லை. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அகற்றி முடிக்கக் கெடு 2028 ஜூன் 1. போர் முன்னரங்காக இருந்த முகமாலைப் பக்கம் எவ்வளவு காலமாகத் தோண்டுகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

காட்டை எரித்துவிட்டால் வெடி போய்விடும் என்பது தப்பு. சில வெடிக்கும், சில வெடிக்காமல் இன்னும் கெட்ட நிலையில் கிடக்கும். உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் டப்பாவை மழைவெள்ளம் இடம் மாற்றும், போன வருடம் நடந்த பாதை இந்த வருடம் பாதை அல்ல. மண்டையோட்டுப் பலகையைப் பிடுங்கி வேலிக்கு வைக்கிற வேலை யார் செய்தாலும் தடுங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் நில்லுங்கள், கூட வருகிறவர்களை நிறுத்துங்கள், அசையாமல் உதவிக்குக் கூப்பிடுங்கள். பிள்ளைகளுக்கும் இதே மூன்று வார்த்தை: நில், தொடாதே, கூப்பிடு.

உங்கள் காலுக்கு யாழ்ப்பாணத்தில் 1987இலிருந்து ஜெய்ப்பூர் கால் நிலையம் இயங்குகிறது. எப்போது கூடு எடுத்தது, என்ன வகை என்று இங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விமான நிலையச் சோதனையில் காலைக் கழற்றச் சொன்னால் நாற்காலி கேளுங்கள், நின்றபடி கழற்ற வேண்டாம். ஸ்டம்ப் சாக்ஸும் பேண்டேஜும் கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டி ஒருநாள் தாமதமாக வந்தாலும் நீங்கள் நடக்க வேண்டும்.